நாலு மணி ஊசி

இந்த அறைக்கு மூன்று மணிக்கு மேல்தான் வெயில் வரும், ஐயா. அதுவரை ஜன்னல் திரையை ஒதுக்கி வைத்தால் வேப்பமரத்துக் காற்று நன்றாக வரும். உங்கள் செலவில் கட்டிய அறைதானே, பார்த்துத்தான் கட்டியிருக்கிறீர்கள். கட்டிலை வாசலைப் பார்க்கப் போடச் சொன்னவரும் நீங்கள்தான். வருகிறவர்களின் முகம் நோயாளிக்கு முதலில் தெரிய வேண்டும் என்றீர்கள். நல்ல யோசனை.

மத்தியான ஊசியை நான் இன்னும் போடவில்லை என்பதைக் கவனித்துவிட்டீர்கள். தட்டு மேஜை மேல் இருக்கிறது. வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி. போடுவேன். உங்கள் மகள் சொர்ணவல்லி அம்மா நாலு மணிக்கு வருவார்கள், அப்போது போடுவேன். அதற்குள் உங்களுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரி விழாவில் என் மார்பில் வெள்ளிப் பதக்கத்தைக் குத்திவிட்டு, மைக்கில் எல்லோரும் கேட்கும்படி கேட்டீர்கள். “எத்தனையோ பேரு வேலை பாக்குறாக. ஒனக்கு மட்டும் எப்படித்தா இப்பேர்ப்பட்ட கையி வாய்ச்சது?” என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டு, “எல்லாம் ஐயா வச்ச அன்புதாங்க” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் அது பதில் இல்லை. உடையப்பன் முதலாளி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரைஸ் மில் படியில் விழுந்து உடைந்த இடுப்பு, அசைந்தால் இழுக்கத்தான் செய்யும். வாதத்தில் வலப்பக்கம் விழுந்து பேச்சும் போன பிறகு இடுப்பாவது சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் குழந்தைசாமி உங்கள் மகளிடம் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். “அறிவு தெளிவா இருக்கும்மா. எல்லாம் புரியும். வார்த்தைதான் வராது.” அதனால்தான் நானும் தெளிவாகச் சொல்கிறேன். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கொண்டுபோவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்று உங்கள் மகள் இன்றைக்கு முடிவு சொல்லப்போகிறார்கள். மதுரைக்குப் போனால் அங்கே இரண்டு மணி ஊசியை இரண்டு மணிக்கே போட்டுவிடுவார்கள். நீங்கள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது திருமயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி மூன்றாவது பொங்கலுக்குள் வாந்திபேதியில் அவர் போய்விட்டார். அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடக்கப் பிடிக்காமல் திருச்சிக்குப் போய் நர்ஸ் வேலை படித்தேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த தையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள், போயிருந்தேன். பந்தியில் உட்காரப் போனவளை அண்ணி தடுத்து, கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் அங்கே இலை போட்டாள். “கண்டவுக பீ மூத்திரம் அள்ளுற கையி. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. தப்பா நெனைக்காதத்தா” என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். சாம்பார் நன்றாக இருந்தது.

அப்புறம் நாலைந்து வருஷம் இந்த வார்டில் நான் வேலை பார்த்தது யாருக்காவது தெரியுமா? தெரியாது. நேரத்துக்கு ஊசி போட்டேன், நேரத்துக்குக் கட்டு மாற்றினேன். குணமானவர்கள் டாக்டரைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினார்கள். என் பெயர் அமிர்தவல்லி என்று ஒருவரும் கேட்டதில்லை. பசிக்கும் முன்பே சோறு போட்டால் சாப்பிடுகிறவன் உப்புக் குறைவு என்றுதான் சொல்வான். நேரத்துக்கு வேலை செய்கிறவளுக்கும் அதே கதிதான்.

உங்கள் மனைவி கண்ணாத்தாள் அம்மா இங்கே வந்து சேர்ந்தது அப்போதுதான். கர்ப்பப்பையில் புற்று, முற்றிப்போயிருந்தது. ஒருநாள் மத்தியானம் ஊசியைக் கொதிக்க வைக்கிற ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சின்னப்பிள்ளை ஆயா கடைக்குப் போனவள் வரத் தாமதமாகிவிட்டது. உண்மையான தாமதம், ஐயா, அதில் சூது ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு, பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிற மணி அடித்து நீங்கள் வந்தபோது அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வாசலில் நின்று, “ஆராச்சும் வாங்களேன், ஆராச்சும் வாங்களேன்” என்று கத்தினீர்கள். நான் தட்டோடு ஓடி வந்தேன். ஊசி போட்டு, தலையை மடியில் எடுத்து வைத்து நெற்றியைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த முகம் அப்படியே இளகியது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மகராசியா இருக்கணும்த்தா” என்றார்கள். நீங்கள் கையைத் தலைக்கு மேல் கூப்பி என்னைக் கும்பிட்டீர்கள். தாலுகாவே பார்த்துக் கும்பிடுகிற மனுஷர். அதுவும் எந்தக் கையை? அண்ணி கொல்லைப்பக்கம் உட்கார வைத்த கையை. அன்றைக்கு விடுதிக்குப் போய் என் கையை நானே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழுதேன். அந்தக் கும்பிடு எனக்கு மறுபடியும் வேண்டியிருந்தது. வேளைக்குச் சோறு வேண்டியிருக்கிற மாதிரி வேண்டியிருந்தது.

மறுநாள் மண்ணெண்ணெய் இருந்தது. ஸ்டவ் நன்றாகவே எரிந்தது. ஊசி ஒன்றரை மணிக்கே கொதித்துத் தயாராகிவிட்டது. மருந்தை ஏற்றி, தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு மற்ற கட்டில்களைப் பார்க்கப் போனேன்.

இப்படித் திரும்புங்கள், கண்ணைத் துடைத்துவிடுகிறேன். ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். ஆவணியில் வந்த அம்மா தை பிறக்கும் முன்னால் போனார்கள். அதுவரை தினமும் மத்தியானம் அப்படித்தான். காலை ஊசியும் ராத்திரி ஊசியும் நான் பிசகியதே இல்லை, அதை நீங்கள் நம்பலாம். யாரும் பார்க்க வராத வேளையில் ஒருத்தரை வலியில் போட்டு வைத்து என்ன ஆகப்போகிறது?

அம்மா போன பிறகு நீங்களே பதக்கம் ஏற்படுத்தினீர்கள். கருணையோடு பணிவிடை செய்கிற நர்ஸுக்கு வருஷா வருஷம் வெள்ளிப் பதக்கம். டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் சொன்னார்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டவர்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லி, விழாவுக்கு முன்னால் நீங்களே கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டீர்கள். “ஆரு கையி ஒங்க மனசுல நிக்கிது?” அதுதான் உங்கள் கேள்வி. நல்ல மனசோடு கேட்ட கேள்வி. ஆனால் ஐயா, வலிக்காதவனுக்கு எந்தக் கை மனசில் நிற்கும்?

சந்தனமேரியை உங்களுக்கு நினைவிருக்கும். எதிர்ப்பக்க வார்டு அவளுடையது. பொய் சொல்வானேன், வேலை தெரிந்தவள். வலி தலை தூக்கும் முன்பே ஊசி போட்டுவிடுவாள், முதுகில் புண் வரும் முன்பே ஆளைப் புரட்டிப் படுக்க வைத்துவிடுவாள். நீங்கள் அவள் வார்டுக்குப் போகும்போது பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருந்தவர்களைக் கேட்டால், “எல்லாரும் நல்லாத்தான் பாக்குறாக முதலாளி” என்பார்கள். அவள் பெயரை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. என் வார்டில் நீங்கள் கேட்டு முடிக்கும் முன்பே அழுதுவிடுவார்கள். எனக்கே சில சமயம் அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இதைச் செய்வது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். உறவுக்காரர்கள் வந்ததும் உடனே உள்ளே போய்விடக் கூடாது. அவர்கள் நோயாளியைப் பார்த்து, பதறி, என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைய வேண்டும். யாராவது ஒருத்தர் நம்மைத் தேடி வராந்தாவுக்கு ஓடி வர வேண்டும். அப்போது நாமும் ஓட வேண்டும். நடக்கக் கூடாது. ஊசியைப் போட்டதும் எழுந்து போய்விடாமல், கண் சொருகும்வரை கூடவே இருக்க வேண்டும். நான் எப்போதும் இருந்திருக்கிறேன். வேறு எந்த நர்ஸ் அவ்வளவு நேரம் உட்காருவாள்? நீங்களே சொல்லுங்கள்.

அநாதையாக வந்து விழுகிறவர்களுக்கு, பார்க்க ஆள் இல்லாதவர்களுக்கு, நேரத்துக்கு ஊசி போட்டுவிடுவேன். அவர்களை ஒருநாளும் நான் வாடவிட்டதில்லை. நான் கல் நெஞ்சக்காரி இல்லை.

மணமேல்குடி அழகியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயசு, குடல் முறுக்கிக்கொண்டு ஆபரேஷன் ஆன பெண். அவள் புருஷன் சேவுகன் கடலோரத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பாடுபடுகிறவன். தினமும் மத்தியான பஸ்ஸில் வருவான், தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவான். அன்றைக்கு நாலு மணி ஆகியும் அவன் வரவில்லை. பஸ் அறந்தாங்கிப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு எப்படித் தெரியும்? இதோ வந்துவிடுவான், இதோ வந்துவிடுவான் என்றுதான் நானும் காத்திருந்தேன். அவள் புரண்டாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். “சிஸ்டரு, ஒங்க கால்ல விழுறேன்” என்றாள். “ஒம் புருஷன் வரட்டும்த்தா” என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

சந்தனமேரி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். “அக்கா, சாவியக் குடுங்க, நான் போடுறேன்” என்றாள். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. “என் வார்டு எனக்குத் தெரியும், நீ போ” என்றேன். அவள் போகவில்லை. அழகியின் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையோடு அங்கேயே நின்றாள். வெறுங்கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பொழுது சாயும்போது சேவுகன் வந்தான், நான் ஓடினேன், ஊசி போட்டேன், மடியில் தலையை வைத்துக்கொண்டேன். அதற்குள் உள்ளே தையல் பிரிந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் போய்விட்டாள். நான் காத்துக்கொண்டு நின்றது அந்த ஒரு பஸ்ஸுக்காகத்தான். பஸ் நின்றது என் குற்றம் இல்லையே.

சேவுகன் என் காலில் விழுந்து, “கடைசி நேரத்துல எம் பொண்டாட்டி தலைய மடியில வச்சிருந்தீகளே தாயி” என்று கதறினான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். அந்த வருஷப் பதக்கம் அவன் சொல்லித்தான் எனக்கு வந்தது.

சந்தனமேரி நேராக உங்கள் மில்லுக்கே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கண்ணாத்தாள் அம்மா விஷயத்தைக்கூட யூகமாகச் சொன்னாளாம். மறுநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு விட்டுச் சொன்னீர்கள். “அந்தப் பொண்ணு என்னென்னமோ ஒளறுதுத்தா. எம் பொண்டாட்டிக்கு நீ செஞ்சத நான் கண்ணால பாத்தவன். எங்கிட்டயே வந்து சொல்லுதுன்னா எம்புட்டுப் பொறாமை இருக்கும்?” கமிட்டியில் பேசி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்கள். நற்சான்றுகூடக் கொடுக்க வேண்டாம் என்றீர்கள். இப்போது மணமேல்குடிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள் என்று கேள்வி. அவளை அனுப்பச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. அது உங்கள் தீர்ப்பு. அதை என் தலையில் கட்டக் கூடாது.

உங்களுக்கு முந்தாநாளே விளங்கிவிட்டது. மேஜை மேல் மூடிய தட்டு, பக்கத்து நாற்காலியில் நான், நீங்கள் நெற்றி நரம்பு புடைக்கக் கிடக்கிறீர்கள், நான் கடிகாரத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது உங்கள் கண்ணில் ஒன்று வந்தது. உங்கள் மனைவி கண்ணிலும் கடைசி வாரத்தில் அதே பார்வை இருந்தது. அவர்களுக்கும் விளங்கிவிட்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நாலு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்தார்கள். வேறு யார் கையில் ஊசி இருந்தது?

இடது கை உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மகளிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். சொல்லுங்கள், ஐயா. நான் தடுக்க மாட்டேன். மணி அடிக்கும் நேரமாகிவிட்டது. நான் வராந்தாவில் போய் நிற்க வேண்டும்.

உங்கள் மகள் அலறிய சத்தம் வராந்தா முழுவதும் கேட்டது. “சிஸ்டர், ஓடியாங்க. அப்பா எப்படித் துடிக்கிறாக பாருங்க.” நான் ஓடி வந்தேன். ஓடி வந்ததில் தலைத்துணி நழுவிவிட்டது, அதை நான் சரிசெய்யவில்லை.

“ஒண்ணுமில்லம்மா, இந்தா போட்டுர்றேன். பதறாதீங்க. ஐயா, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு.”

போட்டாகிவிட்டது. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தாடை மெல்ல மெல்லத் தளர்கிறது. உங்கள் மகள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

“மதுரைக்குப் போக வாசல்ல கார் நிக்கிது சிஸ்டர். டாக்டரும் சரின்னுட்டாக. ஆனா மனசு கேக்கமாட்டேங்குது.”

“கூட்டிட்டுப் போங்கம்மா. பெரிய ஆஸ்பத்திரியில எல்லா வசதியும் இருக்கும். எதுக்கும் ஐயாவ ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அவுகளுக்கு எல்லாம் புரியும்.”

உங்கள் மகள் குனிந்து உங்கள் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். “அப்பா, மதுரைக்குப் போவமாப்பா? என்ன வேணும், சொல்லுங்கப்பா. கையால காட்டுங்க.”

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் இடது கையைத் தூக்குகிறீர்கள். தூக்கிய கை கீழே விழவில்லை. விரல் என்னைத்தான் காட்டுகிறது. உங்கள் உதடு கோணுகிறது, தொண்டையில் என்னவோ சத்தம் வருகிறது. இந்த நிலைமையில் இவ்வளவு நேரம் ஒருத்தர் கையைத் தூக்கிப் பிடித்திருந்து நான் பார்த்ததில்லை.

“சிஸ்டரத்தான் காட்டுறாக. ஒங்கள விட்டுட்டு வரமாட்டேங்கிறாக சிஸ்டர்.” உங்கள் மகள் அந்தக் கையைப் பிடித்து, என் கைக்குள் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடுகிறார்கள். வாசலில் நிற்கிற டிரைவரிடம் திரும்பிச் சொல்கிறார்கள். “நாகராசு, காரைக் கொண்டுபோயிரு. அப்பா இங்கயே இருக்கட்டும். எத்தன மாசம் ஆனாலும் இங்கயே இருக்கட்டும்.” அப்புறம் என்னிடம், “இந்த வருசம் பதக்கத்துக்கு நான் யாரையும் போய்க் கேக்கப் போறதில்ல சிஸ்டர். எங்கப்பாவே காட்டிட்டாக” என்கிறார்கள்.

உங்கள் விரல்கள் என் உள்ளங்கைக்குள் என்னென்னவோ செய்கின்றன. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கிறது. உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. அப்பா நன்றியில் அழுகிறார் என்று உங்கள் மகள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஐயா.